கெய்ரோவின் பெரிய ஹோட்டல்களில் அசல் எகிப்தியச் சாப்பாடு கிடைக்குமா?

கேள்வி இது: கேட்டவர் பெற்றோரோடு கெய்ரோ போகிறார். அப்பாவுக்கு வயிறு சட்டென்று கெட்டுப்போகும், அதனால் தெருக்கடை வேண்டாம். அம்மா சைவம். நைல் ஓரமாக ஒரு நல்ல ஹோட்டலில் நிதானமாக உட்கார்ந்து, எகிப்துக்காரர்கள் உண்மையிலேயே சாப்பிடுவதைச் சாப்பிட வேண்டும். ஐந்து நட்சத்திர ஹோட்டலில் அது கிடைக்குமா? கிடைத்தால் எதைக் கேட்டு வாங்குவது?

கிடைக்கும். ஆனால் மெனுவைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவதை வாங்கினால் கிடைக்காது. "ஓரியண்டல்" என்று பெயர் போட்ட ஹோட்டல் உணவகங்களில் முன்பக்கம் முழுக்க ஹம்முஸ், தப்பூலே, ஃபத்தூஷ், கிப்பே என்று இருக்கும். அடுத்த பக்கம் கபாப், கோஃப்தா, ஷிஷ் தாவூக். எல்லாம் ருசியான சாப்பாடுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதில் பெரும்பகுதி லெபனான், சிரியா பக்கத்துச் சமையல். எகிப்திய வீட்டில் வெள்ளிக்கிழமை மதியம் குடும்பமே கூடிச் சாப்பிடுவது இது இல்லை. வீட்டுச் சாப்பாடு மெனுவின் நடுவில் எங்கேயோ நான்கைந்து வரிகளில் இருக்கும்: முலூகியா, மஹ்ஷி, ஹமாம், தாகென், ஃபத்தா. நீங்கள் அந்த வரிகளைத் தேடிப் போக வேண்டும். நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: பெரிய ஹோட்டலில் காசு கொடுத்து வாங்கத் தகுந்தது அந்த வீட்டுச் சமையல். கபாப் வெளியிலேயே நன்றாகக் கிடைக்கும். மணிக்கணக்கில் உட்கார்ந்து இலை சுருட்டிச் செய்கிற மஹ்ஷியைச் சாப்பிட, கெய்ரோவில் உறவுக்காரர் வீடு இல்லாத நமக்கு நல்ல ஹோட்டல் சமையலறைதான் வழி.

ஏன் இப்படி ஆனது என்பதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. கெய்ரோவின் பெரிய ஹோட்டல்கள் ஐரோப்பியருக்காகத் தொடங்கப்பட்டவை. 1841-இல் ஆரம்பித்து 1952 ஜனவரி 26 அன்று நகரமே எரிந்த நாளில் சாம்பலான ஷெப்பர்ட்ஸ் ஹோட்டல் அதில் முதன்மையானது. 1869-இல் சூயஸ் கால்வாய்த் திறப்பு விழாவுக்காக எகிப்தை ஆண்ட கெதிவ் இஸ்மாயில் விருந்தினர் மாளிகைகள் கட்டினார், பிரான்சிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் சமையல்காரர்களை வரவழைத்தார். பிரெஞ்சுப் பேரரசி யூஜெனிக்காக கெய்ரோவின் ஜமாலெக் பகுதியில் கட்டிய கெசீரா அரண்மனைதான் இன்றைய கெய்ரோ மாரியட். பிரமிடுகளுக்குக் கீழே இருக்கும் மீனா ஹவுஸும் இஸ்மாயிலின் வேட்டை மாளிகையாகத் தொடங்கியதுதான். 1943 நவம்பரில் ரூஸ்வெல்ட், சர்ச்சில், சியாங் கை ஷேக் மூவரும் கூடிப் பேசியது அங்கேதான். இந்த இடங்களில் எல்லாம் விருந்து என்றால் பிரெஞ்சு விருந்து. மொச்சையை வேகவைத்த ஃபூலும் கீரையான முலூகியாவும் வேலைக்காரர்கள் சாப்பிடும் சாப்பாடாகப் பின்கட்டில் இருந்தன.

அந்தப் பழக்கம் தென்னெகிப்தில் இன்னும் அப்படியே இருக்கிறது. லக்சரில் 1907-இல் திறந்த விண்டர் பேலஸின் பெரிய சாப்பாட்டு அறையும் சரி, அஸ்வானில் 1899-இல் திறந்த ஓல்ட் காடரக்ட் ஹோட்டலில் பெரிய கவிமாடத்துக்குக் கீழே இருக்கும் "1902" உணவகமும் சரி, இரண்டும் பிரெஞ்சுச் சமையல். உடை விதிமுறையும் உண்டு. அஸ்வானில் அந்தக் கூடத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள், அவ்வளவு அழகு. சாப்பாட்டுக்கு மட்டும் அதே ஹோட்டலின் கெபாப்கி உணவகத்துக்குப் போங்கள்.

பிறகு, 1959-இல் நைல் ஹில்டன் திறந்ததிலிருந்து சர்வதேச நிறுவனங்கள் வரிசையாக வந்தன. அந்தக் கட்டடம்தான் இப்போது நைல் ரிட்ஸ் கார்ல்டன். வளைகுடா விருந்தினர்களுக்கும் மேற்கத்திய விருந்தினர்களுக்கும் ஒருசேரப் பிடித்த அரபுச் சமையல் என்று லெபனான் மெஸ்ஸே, அதாவது சின்னச் சின்னத் தட்டுகளில் வரும் தொடக்க உணவு, ஊன்றிவிட்டது. செமிராமிஸ் இன்டர்கான்டினென்டலின் சபாயா வெளிப்படையாகவே லெபனான் உணவகம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஃபோர் சீசன்ஸ் நைல் பிளாசாவில் இருக்கும் ஸைத்தூனியில் எகிப்திய உணவும் லெவன்ட் (லெபனான், சிரியா பக்கத்து) உணவும் கலந்து இருக்கும். அங்கேதான் நான் மேலே சொன்ன நடுவரிகளைத் தேடிப் பார்க்க வேண்டும்.

சரி, எதைக் கேட்பது? முதலில் முலூகியா. ஒரு ஹோட்டலின் எகிப்தியச் சமையலறை எப்படி என்று தெரிந்துகொள்ள எனக்கு இந்த ஒன்று போதும்.

முலூகியா சணல் இனத்துச் செடியின் கீரை. இலையை மட்டும் கிள்ளி, ஈரம் போக உலர்த்தி, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த வளைந்த கத்தியால் பலகையில் முன்னும் பின்னும் உருட்டி உருட்டிக் கொத்துவார்கள். அந்தக் கத்திக்கு மக்ரதா என்று பெயர். கொத்தக் கொத்த வெண்டைக்காயைப் போல வழவழப்பு வரும், அந்த வழவழப்புதான் இதன் உயிர். தனியாக முயல் அல்லது கோழி வேகவைத்த சாறு கொதித்துக்கொண்டிருக்கும். அதில் கீரையைப் போட்டு, ஒரு கொதி வரப்போகும்போது இறக்கிவிட வேண்டும். விட்டுக் கொதிக்கவைத்தால் கீரை அடியில் போய்த் தங்கும், மேலே வெறும் தண்ணீர் நிற்கும். அப்புறம் அதைச் சேர்த்துவைக்க முடியாது. அதே நேரத்தில் பக்கத்து அடுப்பில் நெய்யில் நசுக்கிய பூண்டும் அரைத்த மல்லியும் பொன்னிறமாகப் பொரியும். இந்தத் தாளிப்பு தக்லியா. அதைச் சுடச்சுடக் கீரைமேல் கொட்டுகிற கணத்தில் சமைக்கிற அம்மா "ஹா!" என்று மூச்சை உள்ளிழுக்க வேண்டும், இல்லாவிட்டால் முலூகியா சரியாக வராது என்பது அங்கே வீட்டுக்கு வீடு நம்பிக்கை.

ஹோட்டலில் வரும் கிண்ணத்தில் மூன்றைப் பாருங்கள். கீரையும் சாறும் பிரியாமல் ஒன்றாக இருக்கிறதா? பூண்டு மணம் மேசைக்கு வரும்போதே வருகிறதா? கரண்டியால் தூக்கினால் இழுபடுகிறதா? மூன்றும் இருந்தால் அந்தச் சமையலறையை நம்பி அடுத்ததைச் சொல்லலாம். சில ஹோட்டல்களில் வெளிநாட்டவருக்குப் பிடிக்காது என்று வழவழப்பைக் குறைத்துக் கெட்டியான கீரை மசியலாகத் தருகிறார்கள். எனக்கு இது வருத்தமான விஷயம். புது இலை கோடைக்காலத்தில்தான் தாராளமாகக் கிடைக்கும், குளிர்காலத்தில் உறையவைத்த இலையோ உலர்ந்த இலையோதான். நீங்கள் டிசம்பரில் போனால் "புது இலையா?" என்று கேட்பதில் தவறில்லை, பரிமாறுகிறவர் நேராகவே பதில் சொல்வார். ஃபாத்திமிய கலீஃபா அல்-ஹாக்கிம் (ஆட்சிக்காலம் 996 முதல் 1021) இந்தக் கீரைக்கே தடை போட்டார். அவரைப் போற்றும், லெபனான், சிரியாவில் வாழும் துரூஸ் சமயத்தாரில் சிலர் இன்றும் இதைத் தொடுவதில்லை. ஆனால் எகிப்து முலூகியாவை விடவில்லை.

அடுத்தது ஹமாம் மஹ்ஷி, அதாவது உள்ளே நிரப்பிய புறா. பறக்கத் தொடங்காத குஞ்சுப் புறாவின் தோலுக்கும் வயிற்றுக்கும் உள்ளே ஃபிரீக்கையோ அரிசியையோ வெங்காயமும் மசாலாவும் சேர்த்து அடைப்பார்கள். ஃபிரீக் என்பது பச்சையாக இருக்கும்போதே அறுத்துத் தீயில் வாட்டிய கோதுமை, அதற்கென்று ஒரு புகை வாசம் உண்டு. புறாவை முதலில் மசாலா போட்ட நீரில் வேகவைத்து, பிறகு நெய்யில் பொன்னிறமாக வறுப்பார்கள் அல்லது அடுப்பில் வாட்டுவார்கள். நைல் டெல்டா பகுதிக் கிராமங்களில் கூம்பு கூம்பாக நிற்கும் மண் கோபுரங்கள் புறா வளர்ப்பதற்காகக் கட்டியவை, ரயிலில் அலெக்சாண்ட்ரியா போனால் ஜன்னலிலிருந்தே பார்க்கலாம். ஹோட்டலில் இதை வாங்கினால் கத்தியையும் முள்கரண்டியையும் ஒதுக்கிவிட்டுக் கையால் சாப்பிடுங்கள். எவ்வளவு பெரிய ஹோட்டலானாலும் பக்கத்து மேசை எகிப்துக்காரர் அப்படித்தான் சாப்பிடுவார். ஃபிரீக் வைத்ததா, அரிசி வைத்ததா என்று கேட்டு, இருந்தால் ஃபிரீக்கே வாங்குங்கள்.

உங்கள் அப்பாவுக்கு நான் முதலில் சொல்வது ரொஸ் முஅம்மர். டெல்டா விவசாயிகள் வீட்டுச் சோறு. மண்சட்டியில் அரிசி, பால், பாலாடை, வெண்ணெய் போட்டு அடுப்பில் வைத்து மேல்பகுதி பழுப்பாகும்வரை விடுவார்கள். சிலர் நடுவில் கோழித் துண்டு வைப்பதும் உண்டு. காரம் கிடையாது, எண்ணெய்ப் பொரியல் கிடையாது. பால் ஒத்துக்கொள்கிற வயிறாக இருந்தால் போதும். இதுவும், காய்கறி, இறைச்சி போட்டு மண்சட்டியில் சமைக்கும் தாகென்களும் சட்டியோடு மேசைக்கு வர வேண்டும். வேறு பாத்திரத்தில் சமைத்துச் சின்ன சட்டியில் மாற்றி ஊற்றியிருந்தால் ஓரம் பிடித்திருக்காது. அந்த ஓரம்தான் ருசி.

மஹ்ஷி என்று பொதுவாகச் சொல்வது அரிசி நிரப்பிய காய்களும் இலைகளும்: திராட்சை இலை, முட்டைக்கோஸ், சுரைக்காய் வகையைச் சேர்ந்த கூசா, சின்னக் கத்தரிக்காய், குடைமிளகாய். நல்ல சமையலறையில் திராட்சை இலைச் சுருள் சுண்டுவிரல் தடிமனைத் தாண்டாது. உள்ளே அரிசியைவிட நூல் போன்ற மெல்லிய இலைகளுள்ள சோயிக்கீரையும் (சதகுப்பை) பார்ஸ்லியும் கொத்தமல்லியும் கண்ணுக்குத் தெரிகிற அளவு இருக்க வேண்டும். ஃபத்தா பக்ரீத் நாள் சாப்பாடு: மொறுமொறுவென்று வாட்டிய ரொட்டி, அதன்மேல் இறைச்சிச் சாறு, அதன்மேல் சோறு, பூண்டும் வினிகரும் சேர்ந்த தக்காளிச் சாறு, மேலே வெந்த இறைச்சி. இது கனமான சாப்பாடு, இரவில் வேண்டாம்.

எகிப்தியரின் பெரிய சாப்பாடு மதியத்துக்குப் பிறகு, மூன்று நான்கு மணிக்குக்கூட நடக்கும். இரவில் ஒன்பதுக்குமேல்தான் உணவகங்களில் கூட்டம் வரும். ஏழு மணிக்குப் போனால் நீங்கள் மட்டும்தான் உட்கார்ந்திருப்பீர்கள்.

இப்போது காலை உணவு. பெரிய ஹோட்டலில் எகிப்தியச் சாப்பாட்டைப் பெரும்பாலும் ஒழுங்காகச் செய்கிற ஒரே வேளை இதுதான் என்பது என் அழுத்தமான கருத்து. காரணம், ஹோட்டலில் தங்கும் எகிப்தியக் குடும்பங்கள் காலையில் ஃபூல் சரியில்லை என்றால் விடமாட்டார்கள். ஃபூல் மெதாமஸ் என்பது காய்ந்த ஃபாவா மொச்சையை இரவு முழுக்கச் சிறு தீயில் வேகவைத்தது. கழுத்து குறுகிய, வயிறு பருத்த உலோகப் பானையில் வைப்பார்கள். பழைய கெய்ரோவில் பொதுக் குளியலறைகளுக்கு வெந்நீர் காய்ச்சும் அடுப்புச் சாம்பலில் இந்தப் பானைகளைப் புதைத்து வைத்தார்கள். ஹோட்டலில் அந்தப் பானை நிற்கும் மூலைக்குப் போய், எலுமிச்சை, சீரகத்தூள், எள் விழுதான தஹினி, ஆலிவ் எண்ணெய் போட்டுக் கலந்து தரச் சொல்லுங்கள். ஆளிவிதை எண்ணெய் இருக்கிறதா என்று கேட்டால் பானைக்காரர் முகம் மலரும், அது உள்ளூர்க்காரர் கேட்பது.

தாமெய்யாவும் அங்கேயே இருக்கும். மற்ற அரபு நாடுகளில் ஃபலாஃபெல் கொண்டைக்கடலையில் செய்வார்கள். எகிப்தில் ஊறவைத்த ஃபாவா மொச்சையோடு லீக், பார்ஸ்லி, கொத்தமல்லி அரைத்துப் பொரிப்பது. பிட்டால் உள்ளே பச்சைப் பசேலென்று இருக்க வேண்டும். தட்டில் குவித்து வைத்ததை எடுக்காமல், எண்ணெய்ச் சட்டியிலிருந்து வருகிறவரை இரண்டு நிமிடம் நில்லுங்கள். தவிட்டுக் கோதுமையில் செய்த உப்பிய பலதி ரொட்டி, ஊறுகாய் துர்ஷி, நெய் அடுக்கடுக்காகத் தடவிச் சுட்ட ஃபெத்தீர், அதற்குத் தொட்டுக்கொள்ளக் கருப்பு நிறக் கரும்புப் பாகு. இவ்வளவும் சாப்பிட்டால் மதியம் பசிக்காது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: குடும்பத்தில் யாருக்காவது ஜி6பிடி குறைபாடு இருந்தால் ஃபாவா மொச்சையே ஆகாது, ரத்த அணுக்கள் சிதையும். ஃபூல், தாமெய்யா, மொச்சைப் பருப்பு மசியலான பிசாரா மூன்றும் அவருக்குக் கிடையாது.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். எகிப்தில் "சைவம்" என்று விளக்குவதைவிட எளிய வழி ஒன்று இருக்கிறது. காப்டிக் கிறிஸ்தவர்கள் ஆண்டில் 200 நாட்களுக்குமேல் நோன்பு இருக்கிறார்கள். அந்த நாட்களில் இறைச்சி, முட்டை, பால், நெய் எதுவும் கிடையாது. அந்தச் சமையலுக்கு சியாமி என்று பெயர், கெய்ரோவில் எந்தச் சமையல்காரருக்கும் சொன்னவுடன் புரியும். "சியாமி, மீனும் வேண்டாம்" என்று சேர்த்துச் சொல்லுங்கள். சில நோன்புகளில் மீன் உண்டு என்பதால் அதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். சியாமி மஹ்ஷி, அதாவது எண்ணெயில் செய்த திராட்சை இலைச் சுருள், அம்மாவுக்கு நிச்சயம் பிடிக்கும். பிசாராவும் அப்படித்தான்: உடைத்த ஃபாவா பருப்பைக் கீரை வகைகளோடு வேகவைத்து மசித்து, ஆறவைத்து, மேலே வறுத்த வெங்காயம் தூவியது. பூண்டும் வினிகரும் போட்ட கத்தரிக்காய், பாபா கனூஷ், தஹினி, வெண்டைக்காய் தாகென் எல்லாம் சாப்பிடலாம்.

சாப்பிடுமுன் கேட்க வேண்டியவை: முலூகியா அநேகமாக எப்போதும் கோழிச் சாற்றில்தான். பருப்பு சூப்பிலும் சேமியா கலந்த சோற்றிலும் சாறு இருக்கலாம். சாதாரண மஹ்ஷியை இறைச்சிச் சாற்றில்தான் வேகவைப்பார்கள். முந்தின நாளே தொலைபேசியில் சொல்லிவிட்டால் காய்கறிச் சாற்றில் முலூகியா செய்துதரச் சொல்லிக் கேட்கலாம். பெரிய ஹோட்டலுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசுக்கு இந்த உரிமை உண்டு, தயங்க வேண்டாம்.

கொஷரியை ஹோட்டலில் வாங்க வேண்டாம். அரிசி, பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை, மொறுமொறு வெங்காயம், தக்காளிச் சாறு, பூண்டு வினிகர் சேர்ந்த இது முழுச் சைவம். அரிசியும் பருப்பும் சேர்ந்த பகுதி நம் நாட்டுக் கிச்சடியின் உறவு என்பது பரவலாகச் சொல்லப்படும் கருத்து. 2025 டிசம்பரில் டெல்லியில் கூடிய யுனெஸ்கோ குழு கொஷரியைக் கலாசாரப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஹோட்டலில் இதைச் சின்னக் கண்ணாடிக் குவளையில் அடுக்கி அலங்காரம் செய்து தருகிறார்கள். கொஷரி நிறைய பேர் வந்து போகிற, வெங்காயம் நாள் முழுக்கப் பொரிந்துகொண்டிருக்கிற கடையில்தான் ருசிக்கும். ஷாம்போலியன் தெருவில் 1950-லிருந்து இருக்கும் அபூ தாரிக் பல மாடி, உட்கார வசதியான இடம். அப்பாவும் தாராளமாக வரலாம், எல்லாம் சுடச்சுட வருகிறது.

ஹோட்டலுக்கு வெளியே, அதே வசதியோடு எகிப்தியச் சமையலை மட்டும் மையமாக வைத்த இடங்களும் உண்டு. ஜமாலெக்கில் அபூ எல் சித், பழைய கெய்ரோ வீட்டுக் கூடம் மாதிரியான அலங்காரம், மெனு முழுக்க எகிப்து. கான் எல் கலீலி சந்துக்குள், 1988-இல் நோபல் பரிசு பெற்ற நகீப் மஹ்ஃபூஸின் பெயரில் ஓபராய் குழுமம் நடத்திவந்த உணவகம், சந்தையில் சுற்றிக் களைத்தபின் உட்கார நல்ல இடம். மீனா ஹவுஸைப் பல ஆண்டுகள் நடத்தியதும் இதே ஓபராய்தான். பிரமிடுகளைப் பார்த்தபடி கிசா மேட்டிலேயே இருக்கும் கூஃபூஸ் எகிப்திய உணவைப் புது முறையில் பரிமாறுகிறது. மனம் வைத்துச் செய்கிறார்கள், முன்பதிவு கட்டாயம்.

"ஃபாரோக்களின் விருந்து" என்று சில இடங்களில் விற்பதற்குத் தனியாகக் காசு கொடுக்காதீர்கள். கல்லறை ஓவியங்களிலும் படையல்களிலும் ரொட்டி, பீர், வெங்காயம், பருப்பு, அத்தி, வாத்து, மீன் எல்லாம் உண்டு. தக்காளி, உருளைக்கிழங்கு, மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. அரிசியும் ஃபாரோக்கள் காலத்துக்கு மிகவும் பிந்தியது. இன்றைய எகிப்தியச் சமையல் ஃபாத்திமியர், மம்லூக், துருக்கியர், டெல்டா விவசாயி எல்லாரும் சேர்ந்து உண்டாக்கியது, அதுவே போதுமான பெருமை.

இனிப்புக்கு உம் அலி. மெல்லிய மாவு ஏடுகள், பால், பாலாடை, கொட்டைகள் சேர்த்துச் சுட்டது. 1257-இல் சுல்தான் ஐபக் கொல்லப்பட்டபின் அவருடைய முதல் மனைவி, அதாவது அலியின் தாய், அந்தக் கொலைக்குக் காரணமான ராணி ஷஜர் அல்-துர்ரைப் பழிவாங்கி இந்த இனிப்பை ஊருக்கு வழங்கினார் என்று ஒரு கதை சொல்வார்கள். பஃபே மேசையில் காலையிலிருந்து வெதுவெதுப்பாக இருக்கும் உம் அலியை விடுங்கள். தனிக் கிண்ணத்தில் அடுப்பிலிருந்து நேராக வருவதுதான் உம் அலி, இருபது நிமிடம் காத்திருக்கலாம்.

ரமலான் மாதத்தில் போவதாக இருந்தால் ஹோட்டல் இஃப்தார் மிகச் சிறந்தது, ஏனென்றால் அப்போது மெனு உள்ளூர்க்காரருக்காகவே போடப்படுகிறது: ஊறவைத்த உலர்பழம் குஷாஃப், சர்க்கரை பாதாமிப்பழச் (ஆப்ரிகாட்) சாறு, மஹ்ஷி, ஃபத்தா, கத்தாயெஃப், குனாஃபா இனிப்புகள். மக்ரிப் பாங்குக்கு முன்பே மேசை நிரம்பிவிடும், அதனால் பதிவு செய்யுங்கள். வசந்தகாலத்தில் ஷம் எல் நெசீம் திருவிழாச் சமயம் போனால், புளிக்கவைத்த மீன் ஃபிசீக் பக்கம் அப்பாவை விடாதீர்கள். அதனால் உண்டாகும் நச்சுப் பற்றி அரசே ஆண்டுதோறும் எச்சரிக்கிறது.

கடைசியாக பில். மெனுவில் உள்ள விலைமேல் 12% சேவைக் கட்டணமும் 14% வாட் வரியும் சேரும், ஆக நூறு பவுண்டுச் சாப்பாட்டுக்குக் கால் பங்குக்குமேல் கூடுதல் வரும். சில ஹோட்டல்கள் விலையிலேயே இவற்றைச் சேர்த்துப் போட்டிருப்பார்கள், மெனுவின் கடைசி வரியைப் பாருங்கள். சேவைக் கட்டணம் எடுத்தாலும், நன்றாகக் கவனித்தவர் கையில் நேரடியாகச் சிறு தொகை கொடுப்பது அங்கே வழக்கம். காலையில் ஃபூல் கலந்து தருகிறவரையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.